மூன்று எட்டு கையில் இருந்தால் எவ்வளவு வைப்பது?

எங்கள் கல்லடி ஊர்க் கூட்டம் முழுக்க 304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தது. அந்த ஆட்டத்தில் துரும்புச் சீட்டைக் குப்புற வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல இருப்பதுதான் கெட்டித்தனம். அதே பழக்கத்தோடு போக்கருக்கு வந்ததால், நல்ல காட்ஸ் கிடைத்ததும் எல்லோரும் ஊமையாகிவிடுகிறோம். நானும் அப்படித்தான் மூன்று எட்டை வைத்துக்கொண்டு தோற்றேன். அந்தக் கையை வைத்தே, எந்த இடத்தில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். எது எதை வெல்லும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஆட்டம் டெக்ஸஸ் ஹோல்டெம் போக்கர்: ஆளுக்கு இரண்டு காட் கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து காட் தரையில், முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக. போயா (பௌர்ணமி) லீவுக்கு விறாந்தையில் பாய் விரித்து, ஆளுக்கு 200 புளியங்கொட்டை. காசு கிடையாது, அம்மம்மா விடமாட்டார். காட் பார்க்குமுன் இரண்டு பேர் கட்டாயமாகப் போட வேண்டிய பிளைண்ட்: சின்னது 1, பெரியது 2.

படி 1: தரையில் காட் விழுமுன்

பெரிய பிளைண்டின் மூன்று மடங்கு, அதாவது 6 வையுங்கள். உங்களுக்கு முன்பு யாராவது வெறும் 2 போட்டு வந்திருந்தால், ஆளுக்கு இன்னும் 2 கூட்டுங்கள். காரணம், ஆகச் சிறந்த கையான இரண்டு ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். எதிரே ஒருவர் மட்டும் என்றால் அது சுமார் 85 சதவீதம் வெல்லும். எதிரே ஐந்து பேர் கடைசிவரை இருந்தாலோ ஏறக்குறையப் பாதிதான். சும்மா வருகிறவர்களை முதலிலேயே குறைக்க வேண்டும்.

இதை நான் சரியாகத்தான் செய்தேன். இரண்டு எட்டுக்கு 6 வைத்தேன். சின்ன பிளைண்டும் இன்னொருவனும் வந்தார்கள், பெரிய பிளைண்ட் மடித்தான். குவியலில் 20.

படி 2: மூன்று காட் விழுந்ததும்

ஆட்டின் (சிவப்பு இதயம்) கிங், கிளாவர் எட்டு, ஆட்டின் மூன்று. எனக்கு உள்ளுக்குள் வெடி வெடித்தது. ஒன்றும் வைக்காமல் செக் சொன்னேன். மற்ற இருவரும் செக். அடுத்து விழுந்தது ஆட்டின் ஜாக்! சித்தப்பா மகனிடம் இரண்டு ஆட்டின் இருந்திருக்கிறது. ஒரு கொட்டைகூடக் கொடுக்காமல் ஃபிளஷ் அடித்துவிட்டான். "மறுகா, நீதானே சும்மா காட்டினாய்" என்று சிரிப்பு வேறு. அந்தக் கையில் மேலும் 40 கொட்டை போனது.

வைத்திருக்க வேண்டியது 14, குவியலில் மூன்றில் இரண்டு பங்கு அளவு. கணக்கைப் பாருங்கள். அவனும் அதே 14 ஐக் கட்டினால் குவியல் 48 ஆகும். 48 இல் 14 என்றால் 29 சதவீதம், அவ்வளவு தடவையாவது வென்றால்தான் அவனுக்கு நட்டமில்லை. அவன் கண்ணில் படாத 47 காட்டில் ஆட்டின் 9, அதாவது அடுத்த காட்டில் அடிக்க 19 சதவீத வாய்ப்புத்தான். கட்டினால் அவனுக்கு விலை அதிகம். நான் வெறும் 5 வைத்திருந்தாலோ 30 இல் 5, ஏறக்குறைய 17 சதவீதம். அந்த விலைக்கு அவன் கட்டுவதில் தப்பே இல்லை.

படி 3: நாலாவது காட்

ஸ்பேட் இரண்டு மாதிரி ஒன்றுக்கும் உதவாத காட் விழுந்தால் நிறுத்தாதீர்கள். ஒருவன் 14 கட்டியிருந்தால் குவியல் 48, நீங்கள் 30 வையுங்கள்.

படி 4: கடைசிக் காட்

அதையும் கட்டினால் குவியல் 108. இனிப் பயப்பட வேறு காட் இல்லை, ஒரே கேள்விதான்: என்னைவிடக் குறைந்த எந்தக் கை இதைக் கட்டும்? ஆட்டின் விழவில்லை, அவனிடம் கிங் ஜோடி இருக்கும் என்று தோன்றினால் 50, 60 வரை கேட்கலாம். புலம்பிக்கொண்டே கட்டுவான். மிச்சமுள்ள 150 ஐயும் தள்ளினால் கிங் ஜோடி பெரும்பாலும் மடியும், உங்களை வெல்லக்கூடிய கைதான் நிற்கும். ஆட்டின் விழுந்திருந்தால் செக். எப்போதும் அமைதியாக விளையாடுகிற ஆள் திடீரென்று உங்களுக்கு மேலே ஏற்றினால், பெரும்பாலும் அது வெறுங்கை வெருட்டல் அல்ல.

இன்னொன்று, நல்ல கைக்கு மட்டும் 14 வைக்கிற ஆளை இரண்டு போயாவுக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். என்னைக் கண்டுபிடித்தார்கள். வெறும் கிங் ஜோடிக்கும், சில வேளை வெருட்டலுக்கும் அதே அளவை வையுங்கள்.

சரி, ஊமையாக இருக்கவே கூடாதா? இருக்கலாம். தரையில் எட்டு, எட்டு, மூன்று விழுந்து மற்ற இரண்டு எட்டும் உங்கள் கையில் இருக்கிறதா? அப்போது 304 ஆடுகிறவர்போல இருங்கள். அவன் ஒரு ஜோடியாவது பிடிக்கட்டும்.