‘தீவிரவாதத் தொடர்பு’ என்று ஃபார்வர்ட் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்ட். விலங்கு நல அமைப்புகள் எல்லாமே, விலங்குகளை வைத்துச் சோதனை செய்யும் ஆய்வுக்கூடங்களைக் கொளுத்துகிற கும்பலோடு சேர்ந்தவை, யாரும் காசு கொடுக்காதீர்கள் என்று. கீழ்த்தளப் பூனைகளுக்குத் தினமும் தீனி வைக்கும் எட்டாவது மாடி அக்கா, ஓர் அமைப்புக்கு மாதம் 20 வெள்ளி கிரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) கொடுப்பவர், பதறிப்போய் “தம்பி, நிறுத்திடவா?” என்று கேட்டார். அவருக்காக உட்கார்ந்து தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘தொடர்பு’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பணம் கொடுத்தார்களா, ஒரே ஆள் இரண்டு பக்கமும் வேலை செய்தாரா, மேடையில் ஆதரித்துப் பேசினார்களா, இல்லை இரண்டு பேருக்கும் விலங்கு மேல் அக்கறை என்பது மட்டும்தானா? கடைசியாகச் சொன்னது தொடர்பே இல்லை. ஃபார்வர்ட்களில் பாதிக்கு மேல் அந்த ரகம்தான்.

அடுத்து, எந்தத் தீவிரக் குழுவைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஏஎல்எஃப், அதாவது விலங்கு விடுதலை முன்னணி. 1976இல் இங்கிலாந்தில் ரோனி லீ என்பவர் தொடங்கியது. இதற்கு ஆபீஸ் கிடையாது, உறுப்பினர் பட்டியல் கிடையாது. கூண்டை உடைத்து விலங்கை வெளியே கொண்டுவருகிற, சொத்தைச் சேதப்படுத்துகிற யாரும், உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டோம் என்று சொல்லி அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அதனால் ‘இன்ன அமைப்பு ஏஎல்எஃப்பின் கிளை’ என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்போதே சந்தேகப்படுங்கள், கிளை வைக்க அங்கே மரமே இல்லை. பார்க்க வேண்டியது, வெளிச்சத்தில் இருக்கும் அமைப்பு அவர்களுக்கு என்ன செய்தது என்பதை.

இதற்கு நல்ல உதாரணம் பீட்டா என்ற அமெரிக்க விலங்கு உரிமை அமைப்பு. (ஜல்லிக்கட்டுக் கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், அது வேறு சண்டை.) 1992இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு அலுவலகத்துக்கு ஏஎல்எஃப் பெயரில் தீ வைக்கப்பட்டது. ராட் கொரனாடோ என்பவர் அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 57 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவருடைய வழக்குக்கு உதவ பீட்டா 45,200 டாலர் கொடுத்தது. 2001இல் பூமி விடுதலை முன்னணி என்ற, தீ வைப்புக்குப் பேர்போன இன்னொரு குழுவுக்கு 1,500 டாலர் கொடுத்தது பீட்டாவின் வருமான வரிப் படிவத்திலேயே இருக்கிறது. லாப நோக்கமில்லாத அமைப்புகள் அங்கே ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 என்ற அந்தப் படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இது பேப்பரில் உள்ள தொடர்பு. ஆனால் வழக்குச் செலவுக்கு உதவுவதும் தீ வைக்கப் பெட்ரோல் வாங்கிக் கொடுப்பதும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்தே எடைபோடுங்கள். என்னைக் கேட்டால் அந்த 45,200ஐவிட 1,500தான் உறுத்துகிறது.

சில இடங்களில் பேனர் பிடிக்கும் கையும் மிரட்டும் கையும் ஒன்றாகவே இருக்கும். ஹண்டிங்டன் என்ற, விலங்குகளில் சோதனை செய்யும் ஆய்வு நிறுவனத்தை மூடவைக்க 1999இல் பிரிட்டனில் தொடங்கிய ‘ஷாக்’ இயக்கம் அப்படித்தான். வெளியே ஆர்ப்பாட்டம், துண்டறிக்கை. உள்ளே போலி வெடிகுண்டுப் பொட்டலம், ஊழியர்களைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கு அசிங்கமான பொய்க் கடிதம். 2009இல் மிரட்டிப் பணியவைக்கச் சதி செய்த குற்றத்துக்கு ஒருவருக்கு 11 ஆண்டுவரை தண்டனை கிடைத்தது. ஓர் அமைப்பின் பக்கத்தில் ஊழியர்களின் வீட்டு முகவரிகளைப் போட்டு ‘போய்ப் பேசுங்கள்’ என்றிருந்தால் உடனே விலகிவிடுங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

சரி, குற்றம் சொல்கிறவர் யார்? இதை யாரும் பார்ப்பதே இல்லை. பீட்டாவைத் திட்டும் ஆங்கிலப் பக்கங்களில் பல, சென்டர் ஃபார் கன்ஸ்யூமர் ஃப்ரீடம் என்ற அமெரிக்க அமைப்பில் போய் முடியும். அது 1995இல் பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனிப் பணத்தில் தொடங்கி உணவகத் துறைக்காக வாதாடுவது. அதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்றில்லை. படிவம் படிவம்தான். அவர்கள் முடிவை விட்டுவிட்டு ஆதாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் சொன்னாலும் இதே கணக்குதான். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ சில அமைப்புகளின் சாதாரண அறப்போராட்டத்தைக்கூடப் பயங்கரவாதப் பிரிவில் போட்டு விசாரித்தது என்று அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளரே 2010இல் குறை சொன்னார்.

இனி நம் ஊர். பெயரை வைத்து முடிவுகட்டாதீர்கள். எஸ்பிசிஏ (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) என்ற பெயரில் நாட்டுக்கு நாடு அமைப்பு உண்டு, ஒன்றின் கணக்கை இன்னொன்றின் தலையில் கட்ட முடியாது. அறநிறுவன ஆணையாளரின் சேரிட்டி போர்ட்டலில் பெயரையோ யுஇஎன் என்ற பதிவு எண்ணையோ தட்டினால் பதிவு இருக்கிறதா, நிர்வாகக் குழுவில் யார், ஆண்டுக் கணக்கு என்ன என்று பார்க்கலாம். ஐபிசி, அதாவது நன்கொடைக்கு வரிச்சலுகை உள்ள பொதுநல அமைப்பு என்ற தகுதி இருந்தால் 2026 முடியும்வரை நன்கொடையில் இரண்டரை மடங்கு வரிக்கழிவும் உண்டு. கணக்கில் ‘வெளிநாட்டு அமைப்புகளுக்கு’ என்று ஒரு வரி இருந்தால் அங்கேதான் விரலை வையுங்கள், எந்த அமைப்பு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஒழுங்கான இடம் பதில் சொல்லும். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நன்கொடை கேட்டு அட்டையோடு நிற்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பயனில்லை, பாவம், அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, இங்கே ஒரே ஆள் தனியாகப் போராட்ட அட்டை பிடித்து நின்றாலும் அனுமதி வேண்டும். பேச வேண்டுமென்றால் ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை. அதனால் ஏக்கர்ஸ் என்ற உள்ளூர் விலங்கு நல அமைப்பு, செந்தோசா தீவு உல்லாசத்தலத்துக்காகப் பிடிக்கப்பட்ட டால்பின்களுக்காக 2011இல் போராடியபோதும் அது வெளிப்படையான பிரசாரமாகத்தான் நடந்தது. பிரிட்டன் கதையை அப்படியே தூக்கிவந்து இங்கே ஒட்டவைக்கும் ஃபார்வர்டைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் அமைப்பைத் தேடினோம். பதிவு இருந்தது, செலவில் பெரும்பகுதி கருத்தடைக்கும் மருத்துவருக்கும். கிரோ அப்படியே ஓடுகிறது. ஃபார்வர்ட் போட்ட அங்கிளிடம் எந்த அமைப்பு, எந்த ஆண்டு என்று மட்டும் குழுவில் கேட்டு வைத்திருக்கிறேன்.