நண்பர்கள் கோல்ஃப் போட்டிக்கு ஸ்டேபிள்ஃபோர்ட் புள்ளி போடுவது எப்படி: படிப்படியாக

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்திலிருந்து நாங்கள் பதினாறு, இருபது பேர் மாதம் ஒரு தடவை கூடி கோல்ஃப் விளையாடுகிறோம். பெரும்பாலும் பொரளையில் ரோயல் கொழும்பு மைதானம். வருடத்தில் ஒரு தடவையாவது நுவரெலியாவுக்கோ திகனவில் இருக்கும் விக்டோரியாவுக்கோ போவோம். போட்டியின் கணக்குப் பார்ப்பது மூன்று வருடமாக என் பொறுப்பு. புதிதாக ஒரு குழு தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் போன கிழமை அழைத்து, "அண்ணா, இந்தப் புள்ளிக் கணக்கை ஒருக்கா எழுதித் தாங்கோ" என்றார். அவருக்காக எழுதியதை இங்கே எல்லோருக்குமாகப் போடுகிறேன்.

பார் (ஒரு குழிக்கு விதித்த அடி எண்ணிக்கை), போகி (அதைவிட ஒன்று கூட), பேர்டி (ஒன்று குறைய) என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கூகுள் ஷீட்ஸில் ஒரு கூட்டல் போடத் தெரிந்தாலும் போதும்.

படி 1: நாளும் நேரமும்

மைதானத்தை ஒழுங்குசெய்யும்போது முதல் குழு காலை ஆறு, ஆறரைக்குள் தொடங்குகிற மாதிரிக் கேளுங்கள். நால்வர் சேர்ந்து 18 குழி ஆட நாலு, நாலரை மணித்தியாலம் போகும். ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் கொழும்பில் பின்னேரம் இடி மின்னலோடு மழை கொட்டும். மின்னல் நேரத்தில் கையில் உலோகக் கம்பியோடு வெட்டவெளியில் நிற்பது உயிருக்கே ஆபத்து. பதினொரு மணிக்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும்.

போயா தினத்தில் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். விடுமுறை என்பதால் வசதிதான், ஆனால் அன்றைக்கு எங்கும் மதுபானம் பரிமாற மாட்டார்கள். ஆட்டம் முடிந்து ஒரு பியர் குடிக்காமல் வீடு போகாத ஆட்கள் குழுவில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் பிளேன் டீயோடும் மீன் பற்றீஸோடும் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம்.

படி 2: எந்த ஆட்டமுறை

என் அபிப்பிராயம் உறுதியானது: கலப்பான திறமை உள்ள குழுவுக்கு ஸ்டேபிள்ஃபோர்ட்தான், அதாவது ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாகப் புள்ளி போட்டுக் கூட்டும் முறை. மொத்த அடிகளை எண்ணும் முறையில் புதியவர் ஒருவர் ஒரு குழியில் 11 அடித்தால் அவருக்குப் போட்டி அங்கேயே முடிந்துவிடும். ஸ்டேபிள்ஃபோர்டில் அந்தக் குழிக்குப் பூச்சியம், அவ்வளவுதான். அடுத்த குழியில் புதிதாகத் தொடங்கலாம். டொக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் இந்த முறையை வகுத்ததே, ஓரிரு மோசமான குழிகளோடு மனம் விட்டுப்போகிறவர்களுக்காகத்தான். இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் 1932 மே மாதம் இதை வைத்துப் போட்டி நடத்தினார்கள்.

இன்னொரு நன்மை வேகம். இனி இந்தக் குழியில் புள்ளி கிடைக்காது என்று தெரிந்தவுடன் பந்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த குழிக்குப் போகலாம். இதைக் காலையில் தொடங்குமுன் ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். புதியவர்களுக்குத் தூக்குவது வெட்கமாக இருக்கும், அதனாலேயே பின்னால் வரும் குழு நின்றுவிடும். தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2019க்கு முன்பு ஐந்து நிமிடம் இருந்ததால் பழைய ஆட்கள் இன்னும் ஐந்து நிமிடம் தேடுவார்கள்.

புள்ளிகள் இப்படி: ஹண்டிகாப் அடிகளை (ஆளின் திறமைக்கேற்பச் சலுகையாகக் கிடைக்கும் அடிகளை) கழித்தபின் பார் வந்தால் 2, பேர்டி 3, ஈகிள் (பாரைவிட இரண்டு குறைய) 4, போகி 1. அதைவிட மோசமென்றால் 0. ஒருவர் தன் ஹண்டிகாப்புக்கு ஏற்றபடி ஆடினால் மொத்தம் 36 பக்கத்தில் வரும்.

படி 3: ஹண்டிகாப்பை அந்த மைதானத்துக்கு மாற்றுவது

ஹண்டிகாப் இண்டெக்ஸ் என்பது ஒருவர் எங்கும் கொண்டுபோகும் எண். அதை நேரடியாக அட்டையில் எழுதக்கூடாது. மைதானத்தின் கடினத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். 2020இல் வந்த உலக ஹண்டிகாப் முறையின் சூத்திரம்:

இண்டெக்ஸ் × ஸ்லோப் ÷ 113, அதோடு கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழித்து வரும் எண்ணைக் கூட்டுங்கள்.

ஸ்லோப் என்பது மைதானம் சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கடினம் என்று காட்டும் எண். கோர்ஸ் ரேட்டிங் என்பது மிகத் திறமையான ஒருவர் அங்கே எத்தனை அடியில் முடிப்பார் என்ற மதிப்பீடு. 113 என்பது சராசரிக் கடினத்துக்கான ஸ்லோப். ஒரு உதாரணம் (எண்கள் நான் உதாரணத்துக்காக எடுத்தவை): இண்டெக்ஸ் 18.4, ஸ்லோப் 125, ரேட்டிங் 70.2, பார் 71. 18.4 × 125 ÷ 113 = 20.35. அதிலிருந்து 0.8 குறைந்தால் 19.55. தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டுக்கு இதில் 95 வீதம் கொடுப்பது வழக்கம், 18.58 வரும், ஆகவே 19.

ஸ்லோப்பும் ரேட்டிங்கும் எந்த டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். அட்டையில் இருக்கும், இல்லாவிட்டால் கிளப் அலுவலகத்தில் கேளுங்கள். இதை முதல் நாள் இரவே முடித்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணையும் போட்டுவிடுங்கள். காலையில் டீயில் நின்று கணக்குப் போட்டால் கட்டாயம் பிழைக்கும்.

படி 4: அடிகளை எந்தக் குழிக்குக் கொடுப்பது (நான் விழுந்த இடம்)

இந்தப் படியை மெதுவாக வாசியுங்கள்.

அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் பாருக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும்: ஸ்ட்ரோக் இண்டெக்ஸ், 1 முதல் 18 வரை. ஹண்டிகாப் அடிகள் இந்த ஒழுங்கில்தான் போக வேண்டும். ஹண்டிகாப் 12 என்றால் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 முதல் 12 வரையுள்ள குழிகளில் ஒவ்வொரு அடி. பல அட்டைகளில் முதல் ஒன்பதுக்கு ஒற்றை எண்களும் பின் ஒன்பதுக்கு இரட்டை எண்களும் இருக்கும். அதனால் அந்த 12 அடியும் முன்னால் ஆறு, பின்னால் ஆறு என்று பிரியும்.

நான் பொறுப்பெடுத்த முதல் போட்டியில் கூகுள் ஷீட்ஸ் தாளில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் நிரலை இணைக்க வேண்டிய இடத்தில் குழி எண் நிரலை இணைத்துவிட்டேன். 12 ஹண்டிகாப்காரருக்கு 1ஆம் குழியிலிருந்து 12ஆம் குழி வரை வரிசையாக அடி கிடைத்தது. முன்னால் ஒன்பது, பின்னால் மூன்று.

இது ஏன் கண்ணில் படவில்லை என்றால், எல்லோருக்கும் அடிகளின் மொத்தம் சரியாகவே இருந்தது. மொத்த அடி எண்ணும் போட்டியாக இருந்திருந்தால் முடிவும் மாறியிருக்காது. ஸ்டேபிள்ஃபோர்டில் நிலைமை வேறு. அன்றைக்கு முதலிடம் வந்த அங்கிள் 3ஆம் குழியில் பார் போட்டார். அந்தக் குழியின் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 15. அவருக்கு அங்கே அடியே கிடையாது, 2 புள்ளிதான். என் தாள் 3 கொடுத்தது. 16ஆம் குழியில், ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 4, அவருக்கு அடி கிடைத்திருக்க வேண்டும், என் தாள் கொடுக்கவில்லை. ஆனால் அவர் பந்து மரங்களுக்குள் போய் ஏற்கெனவே தூக்கிவிட்டார். அடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூச்சியம்தான். அதாவது இதுபோல இன்னொரு குழியையும் சேர்த்து என் பிழை அவருக்கு இரண்டு புள்ளி கூடுதலாகத் தந்தது, பதிலுக்கு ஒன்றையும் எடுக்கவில்லை. 36 என்று அறிவித்தேன். சரியான எண்ணிக்கை 34. நான் 34 என்று இரண்டாமிடம் கொடுத்த நண்பருக்கு உண்மையில் 35.

அன்றிரவு அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோதுதான் விளங்கியது. நித்திரை வரவில்லை. அடுத்த நாள் காலையில் அங்கிளுடைய வீட்டுக்கே போனேன். கேட்டைத் திறந்தவர் நான் வாய் திறக்குமுன், "கப்பை எடுக்க வந்தனியா? நேற்று அந்தப் பார் குழிக்கு மூன்று போட்டிருக்கே எண்டு நானும் யோசிச்சனான்" என்றார். கப் மேசையில் துடைத்து வைத்திருந்தது. இருவருமாகக் காரில் போய் நண்பரிடம் கொடுத்தோம். போட்டியில் பிழை நடந்தால் தொலைபேசியில் சொல்லாதீர்கள், நேரே போங்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சரி, ஷீட்டில் எப்படிப் போடுவது? ஹண்டிகாப்பை 18ஆல் வகுங்கள். ஈவு எத்தனையோ அத்தனை அடி எல்லாக் குழிகளுக்கும். மீதி எத்தனையோ, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் அந்த எண் வரையுள்ள குழிகளுக்கு மேலும் ஒன்று. மேலே சொன்ன 19காரருக்கு ஈவு 1, மீதி 1: எல்லாக் குழியிலும் ஒரு அடி, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 குழியில் மட்டும் இரண்டு. கூகுள் ஷீட்ஸில் ஈவுக்கு 'இன்ட்', மீதிக்கு 'மொட்' என்ற ஃபங்ஷன்கள் இருக்கின்றன.

புள்ளிக்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது: பார் + 2 + கிடைத்த அடி − அடித்த அடி. விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் 0 என்று வைக்க 'மேக்ஸ்' ஃபங்ஷன். பார் 4, கிடைத்த அடி 1, அடித்தது 6 என்றால் 4 + 2 + 1 − 6 = 1.

ஒரு கட்டாயச் சோதனை: போட்டிக்கு முன் ஹண்டிகாப் 1 என்று ஒரு கற்பனை ஆளைத் தாளில் போடுங்கள். அவருக்கு ஒரே ஒரு அடி, அதுவும் அட்டையில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 என்று இருக்கும் குழியில் வர வேண்டும். 1ஆம் குழியில் வந்தால் நான் செய்த பிழையையே நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

படி 5: அட்டையும் பென்சிலும்

ஆட்கள் அட்டையில் அடித்த அடிகளை மட்டும் எழுதட்டும். புள்ளி போடுவது உங்கள் வேலை. தூக்கிவிட்ட குழிக்கு ஒரு கோடு. நால்வரும் அட்டைகளை மாற்றி வைத்துக்கொண்டு மற்றவருக்கு எழுத வேண்டும், கடைசியில் ஆடியவரும் எழுதியவரும் கையொப்பம்.

பேனா கொடுக்காதீர்கள். கொழும்பு வெயிலில் ஆறு குழிக்குள் கை வியர்த்து மை கரைந்து 4ஆ 9ஆ என்று தெரியாமல் போகும். பாதியாக வெட்டிய எச்பி பென்சில் சட்டைப்பையில் நிற்கும், ஈரத்திலும் எழுதும். அட்டையைப் போட ஆளுக்கொரு ஸிப் பை. கையடக்கத் தொலைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. சிலவற்றைப் பாவித்துப் பார்த்தேன், எனக்குத் திருப்தியில்லை: பட்டரி முடிந்தவரின் எண்ணைத் தேடி அலைய வேண்டும். தாள் அட்டை, அப்புறம் கூகுள் ஷீட்ஸ். எக்செல்லும் சரிதான், ஆனால் ஷீட்ஸ் என்றால் நான் எண்களை ஏற்றும்போதே எல்லோரும் தங்கள் தொலைபேசியில் பார்ப்பார்கள், பிழை இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

உள்ளூர் விதிகளை அட்டையின் பின்பக்கத்தில் வாசித்து வையுங்கள். ரோயல் கொழும்பில் களனிவெளி ரயில் பாதை மைதானத்துக்கு ஊடாகவே போகிறது. பந்து அந்தப் பக்கம் போனால் என்ன என்று முதல் தடவை வருகிறவர் கட்டாயம் கேட்பார். ரயில் வரும்போது நின்று பார்ப்பதும் அங்கே ஆடுவதன் ஒரு பகுதிதான். 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கிய கிளப், 1896இல் இந்த இடத்துக்கு வந்தது.

படி 6: சமநிலை

இரண்டு பேர் ஒரே புள்ளியில் நின்றால் கடைசி ஒன்பது குழிகளின் புள்ளியைப் பாருங்கள். அதுவும் சமமென்றால் கடைசி ஆறு, பிறகு கடைசி மூன்று, கடைசியில் 18ஆம் குழி. இதைத் தொடங்குமுன் அறிவிக்காவிட்டால் பரிசளிப்பின்போது முகம் சுளிக்க வேண்டிவரும். ஷீட்டில் நாலு நிரல்கள் முன்கூட்டியே போட்டு வைத்தால் ஒரு நிமிட வேலை.

பிறகு வந்த கேள்விகள்

இண்டெக்ஸே இல்லாதவர்களை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு சிஸ்டம் 36 நல்லது. ஹண்டிகாப் இல்லாமல், பார் அல்லது அதைவிட நல்லதுக்கு 2, போகிக்கு 1, மற்றதுக்கு 0 போட்டுக் கூட்டுங்கள். அதை 36இலிருந்து கழித்தால் அன்றைய ஹண்டிகாப். மொத்த அடியிலிருந்து அதைக் கழித்து வருவது அவருடைய நிகரம். ஆனால் இவர்களுக்குத் தனிப் பரிசு வையுங்கள். கஷ்டப்பட்டு இண்டெக்ஸ் எடுத்தவரோடு இவர்களைக் கலப்பது நியாயமில்லை.

நுவரெலியா போய்வந்த ஒருவர், முதல் படி கொழும்புக்குத்தானே என்று எழுதியிருந்தார். ஆமாம், அங்கே காலைப் பனியும் குளிரும் வேறு கதை, ஒரு மணித்தியாலம் பிந்தியே தொடங்குங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே காற்று மெல்லியது, பந்து கூடத் தூரம் போகும். கொழும்பில் எடுக்கும் கம்பியைவிட ஒரு படி குறைந்த தூரம் போகும் கம்பியை (எண் ஒன்று கூடியதை) எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளில் தொடங்கும் ஷொட்கன் முறையில் "கடைசி ஒன்பது" எது என்று தம்பி மறுபடி அழைத்துக் கேட்டார். 7ஆம் குழியில் தொடங்கியவருக்குக் கடைசி ஒன்பது வேறாக வரும். நாங்கள் எல்லோருக்கும் அட்டையின் 10 முதல் 18 வரை என்றே எடுக்கிறோம். ஷீட்டிலும் அந்த நிரல்களே இருப்பதால் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை, காலை அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால் சரி.