விடாத காய்ச்சல், கட்டிய நெறி: இ.பி.வி. தொற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'இ.பி.வி. ஐஜிஜி பாசிட்டிவ்' என்று இருக்கும். இணையத்தில் தேடினால் இரண்டாவது வரியிலேயே லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று வரும். அன்றிரவு பெற்றோருக்குத் தூக்கம் போய்விடும். உண்மையில், பெரியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இந்த இ.பி.வி., அதாவது எப்ஸ்டீன்-பார் வைரஸ், உடம்பில் இருக்கிறது. எச்சில் வழியாகப் பரவுவது. சிறு வயதில் வந்தால் பெரும்பாலும் வந்ததே தெரியாது. எப்போதோ தொற்றியிருக்கிறது, அவ்வளவுதான் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் சொல்வது. வைரஸ் இப்போது பெருகுகிறதா என்று அறிய, ரத்தத்தில் அதன் டி.என்.ஏ. எவ்வளவு என்று பி.சி.ஆர். முறையில் அளக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறுதான் ஆபத்தானது. மிக அரிதாகச் சில குழந்தைகளில் வைரஸ் அடங்குவதே இல்லை. வழக்கமாக பி செல்கள் என்ற வெள்ளணுக்களில் பதுங்கிக் கிடப்பது, வேறு வகை வெள்ளணுக்களான டி செல்களிலோ என்.கே. செல்களிலோ புகுந்து அவற்றைப் பெருக வைக்கும். ஜப்பானில்தான் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. காய்ச்சல் வரும், போகும். கழுத்தில் நெறி கட்டும். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும். ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர், வேறு ஆன்டிபயாட்டிக். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரணக் காய்ச்சல்தான். தேதிகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பாருங்கள். 3 மாதத்தைத் தாண்டிவிட்டால், அது ஒரே நோயாக இருக்கலாம்.

அப்புறம் கொசுக்கடி. கடித்த இடம் கொப்புளமாகி, கறுத்து, புண்ணாகித் தழும்பு விட்டு ஆறுகிறது, கூடவே காய்ச்சலும் அடிக்கிறது என்றால், 'அலர்ஜி உடம்பு' என்று களிம்போடு விட்டுவிடக் கூடாது. இந்த நோயின் தனி அடையாளங்களில் அதுவும் ஒன்று.

இருமல் நீடித்தால் சந்தேகம் முதலில் காசநோய்மேல்தான் விழும். சோதிக்க வேண்டியதும்தான். ஆனால் கிருமி கிடைக்காமல், மருந்துக்கும் கேட்காமல் மாதங்கள் ஓடினால், வைரஸ் புகுந்த வெள்ளணுக்களே நுரையீரல் திசுவில் குவிந்திருக்கலாம். சி.டி. ஸ்கேனும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது)தான் பதில் சொல்லும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, பயாப்ஸிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுப்பது. இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும், நெறி சுருங்கும், வீடே நிம்மதி அடையும். ஆனால் லிம்ஃபோமா செல்களும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும். பிறகு எடுக்கும் திசுவில் தடயம் தெளிவாக இராது. உயிருக்கு ஆபத்தான நிலையில் காத்திருக்க முடியாது, சரி. மற்றபடி முதலில் திசு, பிறகுதான் மருந்து.

'வைரஸ் மருந்து' என்று அசைக்ளோவிரை நம்பியிருப்பதும் வீண். பதுங்கியிருக்கும் வைரஸை அது தொடுவதில்லை.

குடும்பக் கதையையும் கேட்க மறக்கிறோம். தாய்வழியில் ஆண் குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்திருக்கிறார்களா? எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருந்தால், இதே வைரஸ் அந்தப் பையன்களைக் கடுமையாகத் தாக்கும், லிம்ஃபோமாவும் வரலாம். மரபணுப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். அண்ணன் தம்பிகளையும் சோதிக்க வேண்டும், அவர்கள் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தாலும்.

டி செல், என்.கே. செல் வகை நோயை முழுதாகக் குணமாக்க இன்றைக்கு உள்ள வழி ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான். 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்' என்று தள்ளிப்போடத் தோன்றும். நோய் அடங்கியிருக்கும்போது செய்தால்தான் பலன் கூடுதல். லிம்ஃபோமாவாக மாறிய பிறகு செய்வது கடினம்.