திரை பார்க்கிற கண்ணுக்கு

திருப்பூரில் பனியன் துணிக்குப் பிரிண்ட் அடிக்கிற ஒரு யூனிட்டில் 18 வருஷமாக டிசைனராக இருக்கிறேன். ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்புகிற படத்தைக் கலர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கலருக்கும் தனி பிலிம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. 8 கலர் டிசைன் வந்துவிட்டால், ஒரு கலரின் விளிம்பு அடுத்த கலர்மேல் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டெலிவரி நெருக்கினால் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவள் எழுந்திரிக்க ராத்திரி எட்டரை ஆகிவிடும்.

மூன்று வருஷத்துக்கு முந்தின ஆடியில் ஆரம்பித்தது. பொழுதோட ஆனால் கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி கரகரக்கும். வண்டியில் வீட்டுக்குப் போகும்போது தண்ணீர் தாரையாக ஊற்றும். நெற்றிப்பொட்டில் வலி. ஊருக்குப் போயிருந்தபோது அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், என் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "ஏங் கண்ணு, கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் செவந்து கெடக்குது, தூங்கறதே இல்லியா?" என்று கேட்டார். நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

காரணம் தெரிய ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து, நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, திரைமேல் ஒட்டுகிற தாள் என்று எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தேன். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தேன். எங்கள் டிசைன் ரூமுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அப்படி அலையக் கூடாது என்று நான் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண் டாக்டரிடம் கண்ணைக் காட்டுங்க. போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வழக்கமாக உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை வரைக்கும் எத்தனை இன்ச் என்று பக்கத்தில் இருக்கிறவரை இன்ச் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்க. திருப்பூரில் இன்ச் டேப் இல்லாத மேஜை ஏது. எனக்கு 26 இன்ச் வந்தது. அந்த ஒரு எண்தான் என் கழுத்து வலியைத் தீர்த்தது. 40 வயசைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் விறைத்துப்போய், கிட்டத்தில் இருப்பது மங்கும். நம் பக்கம் சாளேசுவரம் என்பார்கள். அதற்குக் கொடுக்கிற படிக்கும் கண்ணாடி 14, 16 இன்ச் தூரத்தில் புத்தகம் பிடிப்பதற்கான பவர். திரை அதையும் தாண்டி இருக்கிறது. நான் இரண்டு பவர் கண்ணாடியில் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்க்க, நாள் முழுக்க மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 26 இன்ச் என்று டாக்டரிடம் சொன்னதும் அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அது ஆபீஸ் மேஜையிலேயே கிடக்கும். வண்டி ஓட்ட ஆகாது.

கண்ணாடிக் கடை மெஷினில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம். கோயமுத்தூரில் அரவிந்த், சங்கரா என்று பெரிய கண் ஆஸ்பத்திரிகளே இருக்கின்றன. அரசு தலைமை ஆஸ்பத்திரிகளிலும் கண் பிரிவு உண்டு. "நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்க்கிறேன், கண் வறண்டிருக்கிறதா பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்க. கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டுவைத்து, இமைக்காமல் இருக்கச் சொல்லி, கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் பிரிகிறது என்று எண்ணுவார்கள். 10 விநாடிக்குக் குறைந்தால் வறட்சி. எனக்கு 5. தண்ணீர் ஊற்றுகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும் என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. வறண்ட கண்ணில் காற்றுப் பட்டால் உறுத்தும். உறுத்தினால் கண்ணீர் பெருகும். அந்தக் கண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடிவிடும் என்று டாக்டர் விளக்கியபிறகுதான் புரிந்தது.

அடுத்தது இமை. என்னைக் கேட்டால் பாதி வைத்தியம் இதில்தான் இருக்கிறது. சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது நிமிஷத்துக்கு 15, 20 தடவை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். என் பக்கத்து சீட் பையனிடம், எனக்குத் தெரியாமல் ஒரு நிமிஷம் எண்ணு என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு இலையின் விளிம்பை இழுத்துக்கொண்டிருந்தபோது எண்ணியிருக்கிறான். "அக்கா, நாலே நாலு வாட்டிங்க்கா. அதுலயும் ரெண்டு பாதிதான் மூடுச்சுங்க" என்றான்.

அந்தப் பாதி மூடல்தான் கெடுதல். இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையும் கீழ் இமையும் முழுசாக முட்டினால்தான் அதிலிருந்து எண்ணெய் கசிந்து கண்ணீர்மேல் ஆடை மாதிரி படியும். அந்த ஆடை இல்லாவிட்டால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கரண்ட் போய்விடும் என்ற பயத்தில் நாங்கள் ஐந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பைலை சேவ் செய்வோம். கன்ட்ரோல் எஸ் அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் கண்ணை முழுசாக மூடி, இரண்டு விநாடி வைத்திருந்து, இலேசாக அழுத்தித் திறப்பேன். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. நீங்கள் பில் போடுகிறவராக இருந்தால் ஒவ்வொரு பில் பிரிண்ட் ஆகும்போதும் செய்யலாம்.

20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்க என்று எல்லா டாக்டரும் சொல்வார்கள். கிட்டத்திலேயே பார்த்து இறுகிப்போன கண் தசை அப்போது தளரும். ஆனால் எங்கள் ரூமில் சுவருக்குச் சுவர் 12 அடிதான். அதனால் கதவைத் திறந்து வைத்துவிட்டேன். பிரிண்டிங் டேபிளின் கடைசி முனையில் யார் நிற்கிறார்கள் என்று இங்கிருந்தே தெரியும். டீ நேரத்தில் மொட்டை மாடிக்குப் போனால் பல்லடம் பக்கம் கரண்ட் எடுக்கிற காற்றாலைக் காத்தாடி சுற்றுவது தெரியும். அதில் ஒன்றைப் பிடித்து, இறக்கையை எண்ணிக்கொண்டு நிற்பேன். 20 நிமிஷக் கணக்கை நான் கறாராகப் பிடிப்பதில்லை. பையர் லைனில் இருக்கும்போது எழுந்து போக முடியாது. ஒரு கலர் முடிந்தால் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அந்தக் காத்தாடிகளை அங்கே நட்டதற்கு என்ன காரணமோ, அதுவேதான் ஆடியில் என் கண் கரகரத்ததற்கும் காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியிலிருந்தே காற்று புகுந்து அடிக்கும். அதோடு பஞ்சுத் தூசியும் சேர்ந்தால் கண் என்ன பாடுபடும்! அந்த மாசங்களில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டி ஓட்டுங்க. ஏசி முகத்துக்கு நேராக வீசினால் சீட்டை மாற்றுங்க, இல்லாவிட்டால் ஏசியின் தகட்டையாவது மேலே திருப்பிவிடுங்க. டேபிள் பேனைக் காலுக்கு வையுங்க. நான் செய்ததிலேயே செலவில்லாமல் உடனே பலன் தெரிந்தது இதுதான்.

திரையைப் பற்றிச் சுருக்கமாக. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், அல்லது சித்த கீழே. நான் சிபியூமேல் ஏற்றி வைத்திருந்தேன், இறக்கிவிட்டேன். கீழ்நோக்கிப் பார்த்தால் இமை கண்ணை அதிகம் மூடியிருக்கும், காய்வது குறையும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்க. தாளைவிடத் திரை விளக்கு மாதிரி எரிந்தால் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்க. எழுத்தைப் பெரிதாக்கக் கூச்சப்படாதீங்க.

நீல ஒளிக் கண்ணாடி விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னது. பவர் சரியாக இருந்தால் போதும், அதற்கென்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கலர் வேலை செய்கிறவர்கள் திரையை மஞ்சளாக்குகிற நைட் மோடையும் பகலில் அணைத்துவிடுங்க. ஒரு நாள் அது ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் கிரீம் கலரை நீலம் கூட்டி ஒப்பேற்றி அனுப்பிவிட்டேன். ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது துணியில் அடித்துப் பார்க்கிற மாதிரி, சாம்பல் பூத்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டு மொபைலைப் பார்ப்பது இருக்கிறதே, அது ஒரு அடித் தூரம். 26 இன்ச் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அது இன்னும் கஷ்டமான வேலை. இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை எடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, கழுவிய வெள்ளைப் பனியன் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்து மூடிய கண்மேல் 5, 10 நிமிஷம் போடுகிறேன். சூடு ஆற ஆற மறுபடி நனைக்க வேண்டும். இமையில் உறைந்த எண்ணெய் இளகும். அமுச்சி நந்தியாவட்டைப் பூவை ஒற்றச் சொல்வார். மூடிய கண்மேல் வைத்தால் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. சாற்றைக் கண்ணுக்குள் பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அமுச்சியிடமே அதைச் சொல்லிவிட்டேன்.

சொட்டு மருந்தில் கண்ணீருக்குப் பதிலாக விடுகிற செயற்கைக் கண்ணீர் நல்லதுதான். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால், கெடாமலிருக்க ரசாயனம் சேர்க்காததாகக் கேட்டு வாங்குங்க. உறை பிரித்த பாட்டில் ஒரு மாசத்துக்கு மேல் ஆகாது. எனக்கு ஒரு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுத்ததில் ஸ்டீராய்டு இருந்தது. இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது, அதனால் நம்பி மாசக்கணக்கில் விட்டேன். அது கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி, நமக்குத் தெரியாமலேயே பார்வை நரம்பைக் கெடுக்கக் கூடியது. புரை விழவும் வைக்கும். டாக்டர் அழுத்தம் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லும்வரை எனக்கு உயிரே இல்லை. சீட்டில்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீங்க.

திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி மறைப்பது, பொருள் இரண்டாகத் தெரிவது, சிவந்த கண்ணில் கடுத்த வலியோடு வெளிச்சம் கூசுவது, இதெல்லாம் கம்ப்யூட்டரால் வருகிற அயர்ச்சி கிடையாது. இதில் எது வந்தாலும் பைலை அப்படியே போட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வண்டியை நீங்களே ஓட்டாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்க.