மார்கழி விடியலைப் படமெடுக்கையில் நேரும் தவறுகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னும் காவிரி டெல்டா வயல்களில் ஈரம் காயாமல் இருக்கும். மார்கழிக் கடைசியிலும் தை மாதத்திலும், மேகமில்லாமல் காற்றும் அசையாத இரவுகளில், தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாகி, விடியும் வேளையில் சம்பாப் பயிரின் மேல் மூடுபனியாகப் படிகிறது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வயலோரங்களில் அதைப் படமெடுக்க நிற்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஆனால் எடுத்த படங்களில் பனி சாம்பல் பூசிய சுவர்போல் இருக்கிறது, இல்லையென்றால் காணாமலே போய்விடுகிறது. கேமராவின் தானியங்கி ஏற்பாடுகள் யாவும் தெளிவான காட்சிக்கென்று செய்யப்பட்டவை. மூடுபனியை அவை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்கின்றன. அந்த முடிவை நாமும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதுதான் பல தவறுகளுக்கு மூலம்.

முதல் தவறு வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே நடந்துவிடுகிறது. ஜனவரியில் இப்பகுதியில் சூரியன் ஏறக்குறைய 6.30 மணிக்கு உதிக்கிறது என்று பார்த்துவிட்டு, 6.30 மணிக்கு வந்து சேர்கிறார்கள். உதயத்துக்கு முந்தைய அரைமணி நேரத்தின் நீல ஒளியில்தான் பனியின் அடுக்குகள் மிக மென்மையாகத் தெரியும். அதற்குள் இடம் பார்த்து, கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாடை நிறுத்தியிருக்க வேண்டும். நம் அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக, வேகமாக ஏறுகிறது. உதித்த அரைமணிக்குள் 6 முதல் 7 பாகை உயர்ந்துவிடுவதால், சிவப்பு மஞ்சளாகி வெண்மையாவதற்கு அதிக அவகாசம் இருக்காது. முந்தைய இரவில் மேகம் கவிந்திருந்தாலோ, காற்று வீசிக்கொண்டிருந்தாலோ, தயங்காமல் போர்த்திக்கொண்டு தூங்கலாம்; அன்று பனி இறங்குவது அரிது.

இடம் பார்த்து வைப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. பங்குனியில் நேர் கிழக்கே, ஒற்றைப் பனைக்குப் பின்னால் உதித்த சூரியன், மார்கழியில் அதே இடத்தில் உதிக்காது. கிழக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 24 பாகை விலகியிருக்கும். திசைகாட்டியை வைத்து முதல் நாள் மாலையே கணக்குப் பார்த்துவிட்டால், விடியலில் வரப்புமேல் ஓட வேண்டியிராது.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்று பழைய பாடம் ஒன்று இருக்கிறது. மூடுபனிக்கு அது பொருந்தாது. நீர்த்துளிகள் தம்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியை, அது செல்லும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கின்றன. ஆகவே சூரியன் இருக்கும் பக்கம் நோக்கினால் பனி ஒளிர்கிறது, தென்னங்கீற்றுகளின் இடைவெளியில் கதிர்கள் பிரிந்து தெரிகின்றன. எதிர்ப்பக்கம் திரும்பினால் அதே பனி மங்கிய தட்டையான வெள்ளையாகிவிடுகிறது. சூரியனை ஒரு மரத்தின் தண்டுக்குப் பின்னாலோ, சட்டகத்தின் விளிம்புக்குச் சற்று வெளியிலோ நிறுத்துவது என் வழக்கம். தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் மாட்டி, கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்க்கும் கேமராவில் சூரியனை நோக்கக் கூடாது. பனி மெலிந்ததும் அது கண்ணுக்கே ஆபத்து.

படத்துக்கு எவ்வளவு ஒளியை விடுகிறோம் என்கிற எக்ஸ்போஷரில்தான் அதிகப் படங்கள் வீணாகின்றன. கேமராவின் ஒளி அளவி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே பார்க்கும். பனியோ அதைவிட வெளிச்சமானது. அளவி சொன்னபடி எடுத்தால் பனி அழுக்காகத் தெரிவது இதனால்தான். சூரியன் சட்டகத்தில் இல்லாதபோது ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது ஒளியை இருமடங்காகக் கூட்டி எடுக்க வேண்டும். சூரியன் சட்டகத்துக்குள் வந்துவிட்டால் கணக்கு மாறும். கூட்டினால் அதைச் சுற்றிய வானம் விவரமில்லாத வெள்ளைத் திட்டாகும். அப்போது கேமராவின் திரையை நம்பாமல், படத்தின் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும். இருட்டில் பிரகாசமாகத் தோன்றும் திரை, குறைந்த ஒளியில் எடுத்த படத்தையும் சரியானதுபோல் காட்டி ஏமாற்றும். கேமராவே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் மட்டும் எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: பனியின் நுண்ணிய நிற மாற்றங்கள் பின்னால் திருத்தும்போது பட்டை பட்டையாக உடையும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் எடுத்தால் இது பெருமளவு தவிரும்.

ஆட்டோஃபோகஸ் இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பைத் தேடும். பனிக்குள் விளிம்பே இல்லாததால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும். பனைமரத்தின் தண்டிலோ மின்கம்பத்திலோ குவித்து, பிறகு கையால் இயக்கும் நிலைக்கு மாற்றிவிடுவது போதுமானது. படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், விடியலின் நீலத்தையும் பொன்னிறத்தையும் கேமரா திருத்தி நடுப்பகலாக்கிவிடும்; பகலொளி நிலையில் வைப்பது நல்லது.

குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராகக் கேமராவை வெளியே எடுப்பவர்கள், லென்ஸ் முழுதும் நீராவி படிந்து, துடைக்கத் துடைக்க மறுபடியும் படிவதைக் கண்டு கையைப் பிசைந்திருப்பார்கள். நானும் ஒரு தை மாதக் காலை முழுவதையும் அப்படி இழந்திருக்கிறேன். மூடிய பையோடு அரைமணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருந்து, அதன் பிறகே திறக்க வேண்டும்.

பரந்த காட்சி என்பதால் வைட் ஆங்கிள் லென்ஸை மாட்டுவது இயல்பான ஆசை. அருகில் பிடிப்பான ஒரு பொருள் இல்லாவிட்டால், அந்தப் படத்தில் வெறும் வெண்மையே மிஞ்சும். 70 முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ், ஒன்றன்பின் ஒன்றாக மங்கிச் செல்லும் தோப்புகளை நெருக்கிக் காட்டி ஆழத்தைத் தருகிறது. வயல்பனி பல நாட்களில் ஆளுயரத்துக்கு மேல் எழுவதில்லை. ஆகவே வரப்பில் நிற்பதைவிடக் கொள்ளிடக் கரை போன்ற மேட்டில் ஏறி நின்றால், பனிக்கு மேலே தலைநீட்டும் மரங்கள் மட்டும் தெரியும். தையில் கதிர் முற்றிச் சாய்ந்திருக்கும் வயலுக்குள் நல்ல கோணத்துக்காக இறங்குவதை மன்னிக்க முடியாது. விவசாயியின் அரை வருட உழைப்பு அது.

கைபேசியில் எடுப்பவர்கள் எச்டிஆரையும் இரவு முறையையும் அணைத்துவிட்டு, திரையில் மரத்தைத் தொட்டுக் குவித்து, ஒளியைத் தாங்களே ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். அந்த முறைகள் நிழலையும் ஒளியையும் சமன்செய்து பனியைத் துடைத்துவிடுகின்றன. ஃபிளாஷ் அடித்தால் முன்னால் மிதக்கும் துளிகள்தான் பளிச்சிடும்.

கணினியில் உட்கார்ந்ததும், படம் திருத்தும் மென்பொருளில் டீஹேஸ் என்னும் பொத்தானை வலப்புறம் இழுக்கும் பழக்கத்தை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை. நான்கு மணிக்கு எழுந்து தேடிப்போன பனியை ஒரே இழுப்பில் நீக்குவதற்கென்றே அமைந்த கருவி அது. வேண்டுமானால் இடப்புறம் சிறிது நகர்த்தலாம். முன்னிருக்கும் மரத்தில் மட்டும் கருமையைக் கூட்டி, பின்னணியைத் தொடாமல் விடலாம்.