பழைய மியாட்டாவின் பின் டிஃபரன்ஷியல்: கழற்றும்போது செய்யக்கூடாதவை

மஸ்டாவின் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, அதாவது 1989 முதல் 1997 வரை வந்த மியாட்டா, வீட்டு ஷெட்டிலேயே பிரித்து வேலை பார்க்கத் தோதான கார். அதனால்தானோ என்னவோ, எஞ்சின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலையும் நாலு போல்ட் சமாச்சாரம் என்று நினைத்துப் பலர் அடியில் படுத்துவிடுகிறார்கள்.

பெரிய தவறு ஒன்று, மற்றதெல்லாம் சில்லறை. இந்தக் காரில் கியர்பாக்ஸுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கும் தனி மவுன்ட் கிடையாது. பவர் பிளான்ட் ஃப்ரேம் என்ற நீளமான அலுமினியச் சட்டம் கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலையும் ஒன்றாகப் பிணைக்கிறது. எஞ்சினின் இரு பக்கமும் ஒவ்வொரு ரப்பர் மவுன்ட், டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் காதுபோல் நீளும் கைகளிலும் ஒவ்வொன்று. மொத்த டிரைவ்டிரெயினும் இந்த நான்கில்தான் நிற்கிறது. கியர்பாக்ஸுக்கு ஜாக்கி கொடுக்காமல் சட்டத்தைக் கழற்றினால் வால் தொங்கும், கூடவே எஞ்சினின் பின்பக்கமும் சாயும். சிலிண்டர் ஹெட்டின் பின்னால், எஞ்சினுக்கும் கார் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரை ஒட்டினாற்போல், கேம் ஷாஃப்ட்டின் சுழற்சியை அளக்கும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அது நசுங்கினால் கார் ஸ்டார்ட் ஆகாது. டிஃபரன்ஷியல் வேலைக்குப் போய் எஞ்சின் வேலையோடு திரும்புவீர்கள்.

ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியிலேயே வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், அது வளைந்துவிடும்.

அடுத்தது ஸ்லீவ், அதாவது போல்ட் நுழையும் உலோகக் குழல். டிஃபரன்ஷியல் பக்கத்து நீள போல்ட்களை எடுத்ததும் சட்டம் கையோடு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். துளைக்குள் ஒரு ஸ்லீவ் பிடித்துக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் பிரிட்டன் போன்ற இடங்களில் ஓடிய கார் என்றால் கேட்கவே வேண்டாம். சுத்தியலால் அடித்தால் அலுமினியம்தான் சிதையும். ஸ்லீவுக்குள் மரை இருக்கிறது. அளவான போல்ட்டை அதில் ஏற்றி, முறுக்கிக்கொண்டே கீழே இழுக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சட்டத்தில் கிளிப் போட்டிருக்கும் வயர்களையும் மறக்காமல் விடுவியுங்கள்.

ஆயிலை வடிக்கும் முன் மேலே இருக்கும் நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது அசையவில்லை என்றால் காரை ஓட்டவும் முடியாது, ஆயில் ஊற்றவும் முடியாது.

கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிரிக்கும் முன், இரண்டும் சேரும் ஃப்ளாஞ்ச் தட்டுகள் இரண்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள், திரும்ப அதே நிலையில் பூட்டுவதற்கு. பக்கவாட்டு ஆக்ஸில்களைக் கழற்றியதும் அப்படியே தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும்.

காது நட்களை முழுவதும் எடுத்துவிட்டு ஜாக்கியைத் தேடுபவர்களும் உண்டு. படுத்துக்கொண்டு முகத்துக்கு மேல் அரிசிச் சிப்பத்தைப் பிடிப்பது போன்ற காரியம் அது. ஜாக்கி எடையை வாங்கும்வரை இரண்டு மரையாவது பிடித்திருக்கட்டும். கார் ஸ்டாண்ட் மேல்தான் நிற்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்று டிஃபரன்ஷியல் வாங்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான ரிங் கியர் 1.6 லிட்டர் காருக்கு 6 அங்குலம், 1994 மாடலில் வந்த 1.8-க்கு 7 அங்குலம். பெரியது உறுதியானது என்று அதை மட்டும் வாங்கி வந்தால் 1.6-இல் சேராது. புரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்ஸில்கள் எல்லாம் 1.8-இலிருந்தே வர வேண்டும். விலை பேசும்போதே செட்டாகக் கேளுங்கள்.

திரும்பப் பூட்டும்போது சட்டத்தின் போல்ட்களைக் கைக்கு வந்தபடி இறுக்கிவிடாதீர்கள். கியர்பாக்ஸ் வாலை ஜாக்கியால் தூக்கி, சர்வீஸ் கையேடு சொல்லும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுக்க வேண்டும். உயரம் தவறினால் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, வேகம் பிடித்ததும் வண்டி அதிரும். அதை வீல் பேலன்ஸ் கோளாறு என்று நினைத்து டயர் கடைக்கு அலைபவர்கள் ஏராளம்.