உடைமாற்றும் அறையில் மின்விசிறி ஓடட்டும்

தனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்பதை வெளியே சொல்ல முடியாத கால்பந்து வீரன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இந்தக் கதையை ஒலி நாடகமாக்க உட்கார்ந்தால், முதலில் கெடுவது குரல்தான். நடிகர் தானாகவே நெளிந்து, இழுத்துப் பேச ஆரம்பித்துவிடுவார். பழைய நகைச்சுவைக் காட்சிகள் பழக்கிவிட்ட குரல் அது. 'ஓ, இவன்தானா' என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டால் பிறகு நாடகம் எதற்கு? மற்றவர்களைப் போலவே அவனும் "டேய் மச்சான், பாஸ் பண்ணுடா லா" என்று கத்தட்டும்.

பயிற்சியாளரை வில்லனாக்காதீர்கள். "பொட்டப்புள்ள மாதிரி ஓடாதடா" என்று ஏசுகிறவர்தான், ஆட்டம் முடிந்ததும் அவன் கணுக்காலில் ஐஸ் வைத்துக் கட்டுவார். இரண்டும் ஒரே காட்சியில் இருந்தால் 'ஆண்மை என்றால் என்ன' என்று யாரும் வசனம் பேச வேண்டியதில்லை.

'ஓரினச்சேர்க்கை' வேண்டாம், அது உடலுறவோடு நின்றுவிடும் சொல். 'தன்பாலீர்ப்பு' சரியான சொல்தான், ஆனால் செய்தி வாசிப்பவர் வாயில். ஆட்டக்காரன் "நான் அப்படித்தான்டா" என்பான், அவ்வளவுதான்.

அடுத்த தவறு நான் செய்தது. அவன் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விடும் இடத்தில் நான்கு விநாடி முழு மௌனம் வைத்தேன். கேட்டவர்கள் லைன் போய்விட்டதென்று போனைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு மின்விசிறியின் கிறீச்சலையும், குழாய் சொட்டுவதையும், சிமெண்டுத் தரையில் பூட் ஒருமுறை உரசுவதையும் சேர்த்தேன். அதே நான்கு விநாடி. இப்போது யாரும் போனைத் தொடவில்லை.

பெரிய தவறு, முடிவை இறக்குமதி செய்வது. இங்கிலாந்தில் கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு தன் ஈர்ப்பை 1990-இல் வெளிப்படையாகச் சொன்னார். 1998-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குப் பிறகு, ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன பிரிட்டிஷ் ஆண் தொழில்முறைக் கால்பந்து வீரர் 2022-இல்தான் வந்தார்: பிளாக்பூல் கிளப்பின் ஜேக் டேனியல்ஸ், வயது 17. கிளப் அவர் பக்கம் நின்றது. அந்தக் கைதட்டலைச் சேராஸ் மைதானத்துக்குத் தூக்கி வந்தால் இங்கே யார் நம்புவார்கள்? நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377பி பிரிவில், ஆணும் ஆணும் உடலுறவு கொண்டால் 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. பத்திரிகையாளர் கூட்டமெல்லாம் வேண்டாம். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஒரே ஒருவனிடம், தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் ஆறிப்போன பிறகு சொல்லட்டும்.

கேட்டவர்கள் நிச்சயம் "இது யாருப்பா?" என்று துருவுவார்கள். அதனால் ஜெர்சி எண், மாநிலம், ஆடும் இடம் எதுவும் எந்த உள்ளூர் வீரரோடும் ஒத்துப்போகாமல் பதிவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.